மல்லிகா அக்கா வலியில்லாமல் இருந்த ஐந்து மணி நேரம்

மல்லிகா அக்கா இன்று காலை தவறிவிட்டார். மாரடைப்பாம்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். இதைப் படிக்கும் பலர் அவர் தேய்த்த சட்டையில்தான் ஆபீஸ் போயிருப்பீர்கள்.

இருபது வருஷம் குனிந்தே வேலை. பிடரியில் ஆரம்பிக்கும் வலி, மண்டை வழியாக ஏறி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்காரும்.

"உன் வீட்டுக்காரர் காலர நிமித்திட்டேன் கீதா, என் கழுத்ததான் நிமித்த முடியல" என்று சிரிப்பார்.

போன வருஷம் பெயின் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். இந்தத் தலைவலி கழுத்து நரம்பிலிருந்து வருகிறது என்றார் டாக்டர். இன்னும் என்னவோ விளக்கினார். கழுத்தில் ஊசி என்றதுமே பயம், எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

ஊசி போட்டு ஒரு பேப்பர் கொடுத்தார்கள். மணிக்கு ஒரு தடவை, வலி பத்துக்கு எத்தனை என்று எழுதி மறுநாள் கொண்டுவர வேண்டும்.

அக்காவுக்கு எழுத வராது. நான் எழுதினேன். ஊசிக்கு முன் எட்டு. பதினொரு மணிக்கு சைபர். பன்னிரண்டுக்கும் சைபர்...

"ஏய், என் தலை இருக்குதா பாரு! ஒன்னுமே தெரியல!" ஆட்டோவில் திரும்பித் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாலு மணிக்கு மூன்று. ஐந்துக்கு மறுபடியும் எட்டு.

"சும்மா ஏமாத்திட்டாங்கக்கா. கழுத்துல இன்னொரு ஊசி வேணாம். ஆஞ்சநேயருக்கு வேண்டிக்குவோம்."

"நீ சொன்னா சரிதாம்மா."

அந்தப் பேப்பரை நான் கொண்டுபோய்க் கொடுக்கவே இல்லை.

போன மாதம் என் தம்பிக்கும் அதே ஊசி. அவனுடைய டாக்டர் சொன்னார்: "இது எந்த நரம்புன்னு கண்டுபிடிக்கத்தான்மா. கொஞ்ச நேரம் வலி நின்னாலே சரியான நரம்பு கிடைச்சாச்சு. அப்புறம் ஊசி வழியா அதுக்கு சூடு வெச்சா, மாசக்கணக்குல நிம்மதியா இருக்கலாம்."

அக்காவைப் பாதியிலேயே கூட்டிவந்துவிட்டேன்... நான்தான்.

ஆடி முடியட்டும், நல்ல நாளில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். சாமி மேல் பழி போடக் கூடாது. வெட்கம், அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை துணி வாங்கப் போனேன். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, என்னமோ சொல்ல வந்தவ மாதிரி நிக்கிற?"

"ஒன்னுமில்லக்கா."

இருந்தது அக்கா... போய் வாருங்கள்.