ஆணியடித்த நூறு ரூபாய்

பாளையம்பட்டியில் என் மனைவியின் அண்ணன் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கல்லாப்பெட்டிக்கு மேலே இருந்த பலகையில் ஒரு நூறு ரூபாய் நோட்டை ஆணியடித்து வைத்திருந்தார். கள்ள நோட்டு வந்துவிட்டால் நாலு பேர் பார்க்கும்படி அப்படி அறைந்து வைப்பது எண்பதுகளில் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களின் வழக்கம். அந்த நோட்டைக் கொடுத்தவன் நான்தான்.

மல்லாங்கிணற்றில் மிளகாய் விற்றபோது கைக்கு வந்தது. இரண்டு இடத்தில் இருக்க வேண்டிய எண் ஒரே இடத்தில்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை. மச்சான் கண்டுபிடித்துச் சொன்னதும் வேறு நோட்டு கொடுத்துவிட்டேன். ஆனாலும் ஆணி இறங்கியது. "யாரு குடுத்தது?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "நம்ம மாப்ளதான். நெத்தி நெறயத் துன்னூறு பூசிட்டு வந்துல்ல குடுத்தாக!" என்பார் மச்சான். கடையே சிரிக்கும். என் மனைவி பிறந்த வீட்டுப் படி ஏறுவதையே விட்டுவிட்டாள். எனக்குச் சாமி கும்பிடும்போதுகூட அந்தச் சிரிப்புதான் கேட்டது.

பழைய காசு வாங்க மதுரையிலிருந்து வந்த ஒருவர் அதை உற்றுப் பார்த்து, "நல்ல நோட்டுதாங்க. அச்சடிக்கும்போது நம்பர் விழாமப் போச்சு. இதச் சேத்து வைக்கவே ஆளுக இருக்காக, நல்ல வெல குடுப்பாக. ஓட்டை போட்டுக் கெடுத்துட்டீகளே! சரி, எரநூறு தாரேன்" என்றாராம்.

மச்சான் என்னைக் கூப்பிட ஆள் விட்டார். பேர் மீண்டது என்று ஓடினேன்.

"ஏன் மாப்ள, அந்த ஆள நீங்கதான் சொல்லிக்குடுத்து அனுப்புனீகளா?"

நான் சத்தியம் செய்யவில்லை. நூறு ரூபாய்க்குச் சாமியைச் சாட்சிக்கு இழுப்பதா? ஆணியைப் பிடுங்கினேன். "வாங்க மச்சான், பேங்குக்குப் போவோம்."

"எரநூறு தாரேங்கானே அவன்?"

"அவன்தான் என் ஆளுங்கீகளே!"

அருப்புக்கோட்டை வங்கியில் காசாளர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உள்ளே கொண்டுபோய்க் காட்டினார். "நல்ல நோட்டுதான்" என்று புது நோட்டு ஒன்று தந்தார். மச்சான் அதிலும் இரண்டு எண்ணையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் என் கையில் கொடுத்தார்.

இப்படிப்பட்ட நோட்டுக்கு இன்று ஆயிரக்கணக்கில் விலை என்று என் மகன் போனில் காட்டுகிறான். விற்பவன்தான் சொல்கிறான், வாங்கினவன் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று இருநூறுக்கு விற்றிருந்தால் நோட்டு மதுரைக்குப் போயிருக்கும், கள்ள நோட்டுக்காரன் என்ற பேர் என்னிடமே தங்கியிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமையே என் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாள். மச்சான் ஒரு கிலோ வெல்லம் கொடுத்தனுப்பியிருந்தார். எடை போட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. முருகன் படத்தைப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.