கட்டுச்சோற்று வாளி

சுப்பாத்தாக்காவிடம் அடி வாங்காத ஆளை எருத்தேன்பதியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவள். கை கழுவாமல் அரிசிக்குள் கை விட்டவனைக் கரண்டியால் போட்டுத் தோளை இறக்கியிருக்கிறாள். குடித்துவிட்டுப் பந்திக்கு வந்து பெண்களை இடித்தவனை அண்டாத் தண்ணீரில் தலைகீழாக முக்கியிருக்கிறாள். நான் அவளுக்கு வண்டி ஓட்டுகிறவன், என் முதுகும் தப்பியதில்லை. ஆனாலும் அக்கா சும்மா யாரையும் தொட்டதில்லை. அவளை ரவுடி என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறானே வாளிக்கடை ரமேஷ்குமார், அவன் நாசமாய்ப் போக.

ஒரே மகள் யோகப்பிரியாவைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைத்தார்கள். அம்மா வீட்டிலிருந்து வகைவகையாய்ச் சோறு கட்டிக்கொண்டு போய், முதல் வாயை அம்மாவே மகளுக்கு ஊட்ட வேண்டும். போன பாத்திரம் மகள் வீட்டிலேயே தங்க வேண்டும். ஆறிய சோறு கொண்டுவந்தாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதல்லவா, அதனால் இறக்கிய கையோடு ஆவி பறக்க மூடிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முன்பெல்லாம் எவர்சில்வர் போசிப் பாத்திரந்தான். இப்போது வீடியோவில் பளிச்சென்று தெரிய வேண்டுமாம், எல்லாரும் வெள்ளை பிளாஸ்டிக் வாளிக்கு மாறிவிட்டார்கள். நாங்களும் கோபாலபுரத்தில் ரமேஷ்குமார் கடையில் வாங்கினோம்.

"சாப்பாட்டுக்குன்னே வந்த சரக்குங்க்கா. அடியில முத்திரை பாருங்க," என்றான். பார்த்தோம். கிளாசும் முள்கரண்டியும் போட்ட முத்திரை ஒவ்வொரு வாளியிலும் இருந்தது.

விருந்தன்று யோகப்பிரியா கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா புளிச்சோற்று வாளியைத் திறந்து, ஒரு கவளம் உருட்டி ஊட்டினாள். ஊட்டிய விரலை மூக்கருகே கொண்டுபோனாள், அது அவளுடைய சமையல் பழக்கம். முகம் வெளுத்துப் போயிற்று.

"துப்புடி!"

மகள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். அக்கா பளாரென்று அறைந்தாள். தாடையைப் பிடித்து நெரித்து, வாய்க்குள் விரலை விட்டுச் சோற்றைத் தோண்டி எடுத்தாள். உதடு கிழிந்து பட்டுச்சேலையில் ரத்தம் சொட்டியது. அந்தப் பெண் குனிந்து வாந்தி எடுத்தது.

"வாயும் வயிறுமா இருக்கறவள அடிக்கறயே, நீயெல்லாம் ஒரு தாயா?" சம்பந்தியம்மா அக்காவின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். அக்கா முழங்கையால் அவளை இடித்துத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு வாளியாக எட்டி உதைத்தாள். தயிர்ச்சோறும் தக்காளிச்சோறும் ஜமக்காளமெல்லாம் சிதறின.

"சோத்துல மருந்து வாசம் அடிக்குதுங்க மாப்ள, மோந்து பாருங்க!" என்று கத்தினாள்.

மாப்பிள்ளை ஜெகன் எங்கே மோந்து பார்த்தான்? "அது பெருங்காய வாசம். உங்களுக்குத்தான் பைத்தியம் புடிச்சிருச்சு. இனி எங்க ஊட்டு வாசப்படி மிதிக்காதீங்க. கொழந்தை பொறந்தாலும் உங்களுக்குச் சொல்லியுட மாட்டோம்," என்றான். நாலு பேர் சேர்ந்து அக்காவை வெளியே தள்ளினார்கள். மிச்சமிருந்த புளிச்சோற்று வாளியை மட்டும் விடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வண்டியில் ஏறியதும் அடியிலிருந்த முத்திரையை நகத்தால் சுரண்டினாள். ஸ்டிக்கர்! உரிந்த இடத்தில் பாதி அழிந்த எழுத்து தெரிந்தது. தென்னை வண்டுக்கு வைக்கிற மருந்தின் பெயரும், விஷமென்று காட்டும் மண்டையோட்டுப் படமும். போன மாதந்தான் ஃபுட் சேஃப்டி ஆபீசர் ஜின்சி மேடம் ரமேஷ்குமார் கடைக்கு வந்து, முத்திரையில்லாத வாளியைச் சாப்பாட்டுக்கு விற்றால் சீல் வைப்பேன் என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். இந்தப் புண்ணியவான் மருந்து வாளியை ஆசிட் ஊற்றிக் கழுவி, முத்திரையை அச்சடித்து ஒட்டிவிட்டான். சுடுசோறு பட்டதும் பிளாஸ்டிக்கில் ஊறியிருந்த மருந்து சோற்றில் இறங்கிவிட்டது.

"மேடத்துக்குப் போன் பண்ணலாமுங்க்கா."

"பண்ணுடா. நோட்டீசு குடுப்பாங்க. அவன் வேற ஸ்டிக்கர் ஒட்டுவான்." சொல்லிக்கொண்டே, இலை அறுக்க வைத்திருந்த கொடுவாளைச் சீட்டுக்கு அடியிலிருந்து உருவினாள். வழியில் டீசல் போட இறங்கிய சாக்கில் ஜெகனுக்குப் போன் போட்டு, கொலை விழப்போகுது, கோபாலபுரத்து வாளிக்கடைக்கு ஓடி வாங்க என்றேன்.

இடக்கையில் புளிச்சோற்று வாளியோடு அக்கா கடைக்குள் நுழைந்த வேகத்தில் வாளி அடுக்கு சரிந்தது. வெட்டினாள், வெட்டினாள், பிளாஸ்டிக் துண்டுகள் நடுரோடு வரை பறந்தன. ஓடப் பார்த்த ரமேஷ்குமாரின் முழங்காலில் கொடுவாளின் பின்பக்கத்தால் ஓங்கி ஒன்று போட்டாள். அலறிக்கொண்டு விழுந்தவனின் நெஞ்சில் முட்டிபோட்டு, கழுத்தில் வாளை வைத்தாள். நானும் பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து இழுத்துப் பார்த்தோம், அவள் அசையவில்லை. அதற்குள் பைக்கில் பறந்து வந்த ஜெகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்து, வாள் பிடித்த கையை இறுக்கிப் பிடித்தான்.

"உடுங்கத்தை! ஜெயிலுக்குப் போயிருவீங்க. அந்தாளு என்ன பண்ணுனான்?"

"ஒண்ணும் பண்ணலீங்க மாப்ள. நல்ல வாளிதானுங்களே? திங்கட்டும்." அக்கா பக்கத்தில் இருந்த வாளியிலிருந்து இடக்கையால் புளிச்சோற்றை அள்ளி ரமேஷ்குமார் வாயருகே கொண்டுபோனாள். "தின்னுடா. ஒரே வாய். தின்னுட்டா நான் பைத்தியக்காரின்னு ஒத்துக்கிட்டுப் போயர்றேன்."

ரமேஷ்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். வாள் கழுத்தில் கோடு போட்டது. ரத்தம் வழிந்தது. அப்போதும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். சோறு உதட்டில் பட்டதும் வீறிட்டான்.

"வேண்டாமுங்க்கா! எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க!"

ஜெகன் அத்தையின் கையை விட்டான். குனிந்து வாளிக்குள் கை விட்டு, ஒரு பிடி சோற்றை அள்ளி, ரமேஷ்குமாரின் தாடையை நெரித்துத் திறந்தான்.

அக்கா கொடுவாளைத் தூக்கி எறிந்துவிட்டு, மாப்பிள்ளையின் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "உட்ருங்க மாப்ள, செத்துத் தொலைஞ்சிருவான்," என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, அவன் கேட்கவில்லை.