பாலில் கரைத்த உருண்டை

குற்றாலத்துச் சாரல் கடையின் தகரக் கூரையிலிருந்து சொட்டுகிறது. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய அருவிக்குப் போகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு நகர்கிறார்கள். மூலிகைக் கடைக்காரரிடம் நான் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

"இந்த லேகியத்துல என்னென்ன போட்டிருக்கீங்க அண்ணாச்சி?"

"எல்லாம் மலையில உள்ளதுதாம்க்கா. எங்க அப்பா கைப்பக்குவம். வெளிய சொல்லுதது இல்ல."

எங்கே போய் முட்டிக்கொள்வது? தப்பு என்னுடையதுதான். என் மகள் ஸ்குவாஷ் ஆட்டக்காரி. மட்டையும் சுவரும்தான் அவள் பிழைப்பு. முழங்கால் வலியில் நொண்டுகிறாளே என்று, நேற்று இங்கே வாங்கிய லேகிய உருண்டையை அவளுக்குத் தெரியாமல் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டேன். இன்று காலை உளறியும் விட்டேன். அடுத்த வாரம் போட்டி. ஊக்கமருந்துச் சோதனையில் ஏதாவது அகப்பட்டால் வருடக்கணக்கில் ஆட விடமாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறாள், தடை செய்த மருந்துகளின் பட்டியலைப் போனில் திறந்து வைத்திருக்கிறாள். என்னோடு பேச்சே இல்லை.

"பேரை மட்டுமாவது சொல்லுங்களேன். ஒவ்வொண்ணா பாத்துக்கிறோம்."

"ஏம்க்கா, நான் என்ன விஷமா விக்கேன்? ஊரே வாங்கித் திங்குது!" அவருக்கும் கோபம் வந்துவிடுகிறது. மகள் பக்கம் திரும்புகிறார். "நீயே சொல்லு தாயி. கால்வலி போச்சா, இல்லியா?"

அவள் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறாள்.

"சுத்தமா போயிருச்சு. அதான் பயமா இருக்கு."