உறுமாத மணி

எங்கள் நாய் மணி சாப்பிடும்போது யார் அருகில் போனாலும் உறுமும். உறுமிய போதெல்லாம் செருப்பால் அடித்தேன். ஒரே மாதத்தில் உறுமுவதை நிறுத்திவிட்டது. நாயைப் பழக்கிவிட்டதாக வளவனூர் முழுக்கப் பெருமையடித்தேன்.

தீபாவளிக்குத் திண்டிவனத்திலிருந்து தங்கை வந்திருந்தாள். அவளுடைய இரண்டு வயது மகள் மணியின் தட்டருகே குனிந்தாள். சின்னச் சத்தம்கூட இல்லாமல் மணி பாய்ந்து கவ்வியது. நல்லவேளை, பல்லில் சிக்கியது கவுன் நுனிதான். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டேன்.

"அது உறுமி உறுமி சொல்லிக்கினுதானே இருந்துச்சி? நீங்கதான் அடிச்சி அடிச்சி வாயை மூட வெச்சிட்டீங்க" என்றாள் மனைவி.

இப்போது அடிப்பதில்லை. குழந்தைகளைத் தட்டருகே விடுவதுமில்லை. மணி சாப்பிடும்போது தள்ளி நின்று ஒரு முட்டைத் துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். என்னைக் கண்டால் இப்போது வாலாட்டுகிறது.

நேற்று பக்கத்து வீட்டுக்காரர் தட்டை நெருங்கியபோது மணி மெல்ல உறுமியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.