குமரேசன் வந்தால் சொல்லிவிடுகிறேன்

1. முதல் நாள், முதல் போன்

செங்கம் சாலையில் ஒரு சிறிய கெஸ்ட் ஹவுஸில் நான் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தபோது என் மகள் யாழினிக்கு இரண்டு வயது. பகல் ஷிப்ட், நாலு மணிக்கு முடிந்துவிடும், பக்கத்துத் தெருவிலேயே பால்வாடி. பி.காம். முடித்துவிட்டு வேங்கிக்கால் பக்கம் ஏறி இறங்கிய எந்த ஆபீஸிலும் எனக்கு இப்படி அமையவில்லை. அதனாலேயே, இந்த வேலை போய்விடுமோ என்று முதல் நாளே பயப்பட ஆரம்பித்துவிட்டேன்.

முதலாளி தாமோதரன் சார் கொடுத்த ட்ரெயினிங் ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

"போன் அடிச்சா உடனே எடுக்கணும். ஆள் இல்லனா, 'வந்தா சொல்லிடறேங்க'னு சொல்லணும். ரூமுக்கு யார் வந்தாலும் ஐடி ப்ரூஃப், ஒரிஜினல். மத்ததெல்லாம் தானா வந்துடும்."

புக்கிங்குக்கென்று அவர் புதிதாக ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணைப் போர்டில் எழுதி, கார்டும் அடித்து வைத்திருந்தார். அதில் எனக்கு வந்த முதல் அழைப்பு:

"குமரேசன் இருக்காரா?"

ரெஜிஸ்டரைப் பார்த்தேன். அப்படி யாரும் தங்கியிருக்கவில்லை.

"இப்ப இல்லைங்க சார். வந்தா சொல்லிடறேங்க."

"கண்டிப்பா சொல்லுவீங்களா?"

"கண்டிப்பா சொல்றேங்க."

ரொம்ப நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

2. கண்டிப்பாகச் சொன்னதன் பலன்

மறுநாள் அதே குரல். "சொல்லிட்டீங்களா? பணம் எப்போ கட்டறாராம்?"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த எண் முன்பு குமரேசன் என்ற யாரோ ஒருவருடையது. அவர் கடன் வாங்கியிருக்கிறார், கட்டவில்லை, எண்ணையும் விட்டுவிட்டார். விட்ட எண்ணைக் கம்பெனி மறுபடி விற்க, அது எங்கள் கவுன்டருக்கு வந்துவிட்டது.

"இது ராங் நம்பர்ங்க சார். மன்னிச்சுக்கோங்க."

"நேத்து வந்தா சொல்றேன்னீங்க, இன்னிக்கு ராங் நம்பரா? உங்க வாய்ஸ் ரெக்கார்ட் ஆயிருக்கு மேடம். குமரேசனுக்கு நீங்க என்ன வேணும்?"

"நான் ரிசப்ஷன்ங்க."

"ஓஹோ, ரிசப்ஷனெல்லாம் வெச்சிருக்காரா? அதுக்குக் காசு இருக்கு, எங்களுக்குக் கட்ட இல்லையா?"

ஒரு எண்ணை பிளாக் செய்தால் இன்னொன்றிலிருந்து வந்தார்கள். எடுக்காமலும் இருக்க முடியாது, புக்கிங்காக இருந்தால்? நான் எவ்வளவு பணிவாக மறுத்தேனோ அவ்வளவுக்கு அது பொய்யாகக் கேட்டிருக்கிறது போலும். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டின்போது என் கணவரிடம் கேட்டேன்.

"ஏங்க, உங்களுக்குக் குமரேசன்னு வேற பேர் எதுனா இருக்கா?"

"குழம்புல உப்பு கம்மினு எப்போலேருந்து சொல்றேன். அதுக்குப் பதில் இதுவா?"

யாழினி டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "குமயேசன் இல்ல, வந்தா சொல்யேன்" என்றாள்.

3. சேலத்துக் குமரேசன்

ஒரு காலை, இரண்டு வசூல்காரர்களிடம் அடுத்தடுத்துத் திட்டு வாங்கிய கையோடு மூன்றாவது அழைப்பை எடுத்தேன்.

"வணக்கம்ங்க, நான் குமரேசன் பேசறேன்."

இத்தனை நாள் அடக்கி வைத்தது கொட்டிவிட்டது. "நீங்கதானா அது? வாங்கின கடனைக் கட்டக் கூடாதா? உங்களால எனக்கு வேலையே போயிடும்ங்க! எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு!"

பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல அடங்கிய குரல் வந்தது.

"இந்த மாச டியூ கட்டிட்டேனேம்மா... நீங்க எந்த பேங்க்லேருந்து பேசறீங்க?"

அவர் சேலத்துக்காரர். பௌர்ணமிக்கு மனைவியோடு கிரிவலம் வர ரூம் கேட்டுப் போன் செய்தவர். நூறு மன்னிப்பு கேட்டு ரூம் பதிந்து நிமிர்ந்தால், தாமோதரன் சார் பின்னால் நிற்கிறார்.

"இன்னாம்மா இது? ரூம் கேக்கறவங்ககிட்ட வசூல் பண்ணினு இருக்கே?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தக் குமரேசன் உங்க வீட்டு ஆளா?"

"ஐயோ, இல்ல சார்."

"நம்பர் போர்டுல ஏறிடுச்சு, மாத்த முடியாது. பௌர்ணமிக்குள்ள இந்தத் தொல்லை ஒழியணும். இல்லனா நான் வேற பொண்ணு பாத்துக்கறேன்."

4. ஒரிஜினல் இருக்கா?

ஒழியவில்லை. "உங்க அட்ரஸ் நெட்லயே இருக்கு, நேர்ல வரோம்" என்றார்கள். வந்ததும் பௌர்ணமி அன்றைக்கே. பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடும் நாள், ஆட்டோவும் உள்ளே வராது. சட்டையெல்லாம் வேர்வையாக, தோளில் பையோடு ஒருவர் வரிசையில் நின்று கவுன்டருக்கு வந்தார். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. காலையிலிருந்து எல்லோரிடமும் சொன்னதையே அவரிடமும் சொன்னேன்.

"ஐடி ப்ரூஃப் குடுங்க."

"ரூமுக்கு வரல. குமரேசனைக் கூப்பிடுங்க. கலெக்‌ஷன்லேருந்து வரேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஆனால் வாய் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "யாரா இருந்தாலும் ஐடி வேணும்ங்க. கம்பெனி கார்டு, பேங்க் குடுத்த லெட்டர்."

அவர் தடுமாறி மொபைலில் ஒரு போட்டோவைக் காட்டினார்.

"போட்டோ செல்லாதுங்க. ஒரிஜினல் இருக்கா?"

"அது... ஆபீஸ்ல இருக்கு."

அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள் பொறுமை இழந்துவிட்டார். "ஏம்பா, ஐடி இல்லனா ஓரமா நில்லேன். நாங்க குளிச்சிட்டு மலை சுத்தப் போவணும்."

அவர் ஓரமாக நின்றார். எனக்கே நம்ப முடியவில்லை. இத்தனை நாள் என்னை அழ வைத்த கூட்டத்தில் ஒருவர், ஒரு வார்த்தையில் ஓரமாக நிற்கிறார்.

சத்தம் கேட்டு தாமோதரன் சார் வந்தார். வசூல்காரர் அவரிடம் திரும்பினார்.

"இந்த நம்பர் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான். ஏன்?"

"அப்ப குமரேசனுக்கு நீங்க என்ன வேணும்? அண்ணனா? மச்சானா?"

"நான் ஓனர்ப்பா!"

"அவருக்கு ஓனரா? அப்ப அவர் சம்பளத்துல புடிச்சுக் குடுங்க."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாருக்கு முகம் சிவந்தது, வாய் குழறியது. கடைசியில் வந்தது அவருடைய சொந்த ட்ரெயினிங்தான்.

"சரி சரி, வந்தா சொல்லிடறேன். கிளம்பு."

"சார், அப்படிச் சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன். முதலாளியை அதட்டிய பிறகு பயப்பட என்ன மிச்சம்? வசூல்காரரைப் பார்த்துச் சொன்னேன். "குமரேசன்னு கடன் வாங்கினவர் யாரையும் எங்களுக்குத் தெரியாது. வர மாட்டார், நாங்க சொல்லவும் மாட்டோம். இனிமே போன் பண்ணினா, உங்க கார்டையும் லெட்டரையும் ஸ்டேஷன்ல வந்து காட்டுங்க."

மன்னிப்பு கேட்காமல் நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் மொபைலில் ஏதோ தட்டினார். "ஆள் தெரியாதுனு போட்டுட்டேன் மேடம். முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தா நான் இவ்ளோ தூரம் நடந்திருக்க மாட்டேன்." பிறகு செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்தார். "ரூம் எதுனா காலி இருக்கா?"

"இல்லைங்க."

ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் கொடுத்தேன். அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாமோ என்று இப்போதும் நினைப்பதுண்டு.

அதற்குப் பிறகு அழைப்புகள் நின்றன. வேலையும் நிலைத்தது. இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு நான்தான் ட்ரெயினிங் கொடுக்கிறேன். கெஸ்ட்டுக்கு வரும் செய்தியை வாங்கி வையுங்கள். தெரியாத ஆளுக்கு வரும் செய்தியை மரியாதைக்காகக்கூட வாங்காதீர்கள், வாங்கினால் அது உங்களுடையதாகிவிடும் என்று சொல்கிறேன். தாமோதரன் சார் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், மறுத்துப் பேசுவதில்லை.

அந்தப் பௌர்ணமியன்று என் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆதாரை நீட்டினார்.

"குமரேசன், சேலம். ஒரிஜினல்தாம்மா. அந்த டியூ கட்டின ரசீதும் எதுக்கும் கையோட கொண்டாந்துட்டேன்."