சார்ட்டில் காலியாக விட்ட கட்டம்

சனிக்கிழமை காலை, தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது செய்தி வந்தது. கோமதி டீச்சர் மாரடைப்பில் காலமாகிவிட்டார். முந்தின நாள் பள்ளி வாசலில் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது, "அந்த ரூமைப் பூட்டிடுங்க மேடம்" என்பதுதான். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

பட்டினப்பாக்கத்தில் உள்ள எங்கள் தொடக்கப் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. அவர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். மயிலாப்பூரிலிருந்து நடந்தே வருவார். விடை சரியாக இருந்தாலும் பிள்ளைகளை விடமாட்டார். "சரி, எப்படித் தெரியும்?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். போர்ஷன் முடிய வேண்டாமா?

மழைக்குப் பிறகு அவருடைய வகுப்புச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. நீளம் அளக்கும் பாடத்துக்கு அதையே எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமைதோறும் அவர் மேசைமேல் ஏறி நூலின் ஒரு முனையைப் பிடிப்பார். மறுமுனையைப் பிள்ளைகள் பிடிப்பார்கள். அந்த நீளத்துக்கு வெட்டி சார்ட்டில் ஒட்டுவார்கள். வாரத்துக்கு வாரம் நூல் நீண்டது.

"உத்தரத்தைத் தொட இன்னும் எத்தனை வாரம்?" என்று ஒரு திங்கட்கிழமை கேட்டார். "நாலு வாரம் மிஸ்!" என்று பிள்ளைகள் உற்சாகமாகக் கத்தினார்கள். கதவருகே நின்று நானும் கேட்டேன். ஆனாலும் நான் செய்தது என்ன? ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று விரிசலைப் பட்டி பூசி மறைத்து வெள்ளையடிக்க வைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் சண்டை; சத்தம் கேட்டுப் போனேன். சார்ட்டில் அந்த வாரத்துக்கான கட்டத்தில் ஒருவன் போட்ட பூஜ்யத்தைச் செல்வி என்ற சிறுமி அழித்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு அழிச்சே? இப்பதான் ஒண்ணுமே இல்லியே!"

"இல்லன்னு ஒனக்கு எப்டித் தெரியும்? மேல பூசிக்கீறாங்க. உள்ள விரிசலு கீதா இல்லியான்னு தெரியல. தெரியலன்னா பூஜ்யமா?"

கட்டம் காலியாகவே இருந்தது. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அன்றே பெஞ்சுகளை எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்தினார். வெள்ளிக்கிழமைவரை தினமும் அறையைப் பூட்டச் சொன்னார்.

ஞாயிறன்று அவரை எரியூட்டினோம். மறுநாள் செல்வி நூல்கண்டோடு என் அறைக்கு வந்தாள். "பெரிய மிஸ், இன்னிக்குத் திங்கக்கெழம. நூலு புடிக்கணும்."

அவளோடு வகுப்புக்குப் போனேன். பட்டி வெடித்து விரிசல் வெளியே வந்திருந்தது. டீச்சர் ஏறும் மேசைமேல் நான் ஏறினேன். கீழ்முனையைச் செல்வி பிடித்தாள். விரிசல் போன வழியே நூலைக் கொண்டுபோனேன். என் கை உத்தரத்தில் முட்டியது. பிள்ளைகள் சொன்ன நாலு வாரத்தில் இரண்டுதான் ஆகியிருந்தது.

"எல்லாரும் வெளியே வாங்க" என்றேன். கடைசிப் பிள்ளை வந்ததும் கதவைப் பூட்டினேன். சாவியைத் திருப்பும்போது உள்ளே காரை பொலபொலவென்று உதிரும் சத்தம் கேட்டது.

கோமதி டீச்சர், பிள்ளைகள் முப்பத்து நாலு பேரும் வராந்தாவில் இருக்கிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். நீங்கள் இருக்கும்போதே பூட்டியிருக்க வேண்டும். மன்னித்துவிட்டுப் போய்வாருங்கள்.