தூங்குமூஞ்சி டெஸ்

டெஸ் நோஸ்கிக்குக் கண் சின்னதாகப் போனது கம்பெனியால்தான். போர்ட் அகஸ்டாவிலிருந்து மேற்கே பெர்த்துக்கு லாரியில் சரக்கு கொண்டுபோகிறவன், பின்னேரம் முழுக்க மேற்கு வெயிலை முகத்தில் வாங்கியாக வேண்டும். அவன் இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. அத்தனை வருஷ வெயிலில் சுருங்கிய கண், வீட்டு நிழலிலும் விரிய மறந்துவிட்டது. இப்போது அந்தக் கண்ணையே காட்டி, நீ தூங்குகிறாய் என்றது அதே கம்பெனி.

உள்ளபடிக்கு டெஸ் மாதிரி விழிப்பான ஓட்டுநரை நான் பார்த்ததில்லை. மூன்று டிரெய்லர் கோத்த வண்டியில் ஒரு தடவைகூட அவன் தலை தொங்கியதில்லை. அதனால்தான் எங்கள் யார்டில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தோம். எங்கள் ஆட்களின் குணம் அப்படி. பாராட்டிப் பேசினால் வாய்ப்புண் வந்துவிடும். நல்ல நெட்டையன் ஒருவனைக் குட்டையன் என்போம்; செம்பட்டைத் தலைக்காரன் பிறந்த அன்றே நீலன் ஆகிவிடுவான்.

பாதுகாப்பு அதிகாரியாக வந்த ஆங்கஸ் டேலிக்கும் ஒரு பெயர் வைத்தோம். அவன் அதற்கு முன்பு ஒரு பிஸ்கட் ஆலையில் இருந்தவன். வந்த வாரமே, உட்காருவதற்கு முன் நாற்காலி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளவும் என ஓய்வறையில் நோட்டீஸ் ஒட்டினான். அன்று சாயங்காலமே அவன் எங்களுக்கு மேதை ஆகிவிட்டான். பயலுக்கு அந்தப் பெயர் ஒரேயடியாகப் பிடித்துப்போய், தன் டீக்கோப்பையில் அதை அச்சடித்துக்கொண்டான்.

அந்த மேதை கொண்டுவந்ததுதான் கேமரா. ஓட்டுநரின் முகத்துக்கு நேரே வைத்திருக்கிறார்கள். கண் மூடினால் இருக்கை நம்மைப் பிடித்து உலுக்கும். உடனே அடிலெய்டில் ஓர் அறையில் இருந்து யாராவது கூப்பிட்டு, முழித்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். நான் தும்மினால் உலுக்கும், இறைச்சி அடைத்த பன்னைக் கடித்தாலும் உலுக்கும். டெஸ்ஸை மட்டும் புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச்சேரும் வரை உலுக்கியது. பாவம், என்னென்னவோ செய்து பார்த்தான். புருவத்தைத் தூக்கிக்கொண்டே நல்லர்பார் சமவெளி முழுக்க ஓட்டினான். எதிரே வந்தவர்கள் பேயைக் கண்டானோ என்று ரேடியோவில் விசாரித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டான். வண்டியில் ஓட்டுநரே இல்லை என்று கேமரா தகவல் கொடுத்தது. அப்படியானால் வண்டியை யார் ஓட்டுவது என்று அவனையே கூப்பிட்டுக் கேட்டார்கள்.

கடைசியில் விசாரணை என்று வந்தது. தூக்கக்காரன் என்று முடிவானால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். முந்தின நாள் டெஸ் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல என் பக்கம் வந்து நின்றான்.

“வண்டியப் புடுங்கிட்டா நான் வீட்ல உக்காந்து என்னடா பண்ணுவேன்?” என்றான். “செவுரு நகரவே நகராதேடா.”

சிரிப்புக்குச் சொன்னதாக நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

சாட்சி சொல்ல என்னையும் க்வென் பாஸ்கோவையும் கூப்பிட்டிருந்தார்கள். க்வென் எங்களைப் போலவே பெர்த்துக்கு வண்டி ஓட்டுகிறவள், வாயாடி, ஆனால் தங்கமான மனுஷி. உள்ளே போகும்போதே அவளிடம் சொல்லிவைத்தேன், என்ன வேண்டுமானாலும் பேசு, அந்தப் பெயரை மட்டும் எடுக்காதே என்று. தலையை ஆட்டினாள். நாக்கு தலையைக் கேட்டு நடக்கிற உறுப்பா?

“எழுதிக்கங்க தம்பி,” என்று விசாரணை நடத்திய ஆங்கஸிடம் ஆரம்பித்தாள். “நம்ம தூங்குமூஞ்சி மாதிரி முழிச்சு வண்டி ஓட்டுற ஆளு இந்த நாட்லயே கெடையாது.”

ஆங்கஸ் நிமிர்ந்தான். யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். எத்தனை காலமாக இந்தப் பெயர் என்று கேட்டான். யார்டில் எல்லோரும் இப்படித்தான் கூப்பிடுகிறார்களா என்றும் கேட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. க்வென் பதறிப்போய் எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினாள்.

“ஐயோ, அது அவன் தூங்கவே மாட்டான்னு வச்ச பேரு தம்பி. நாங்க யாரையும் நேராக் கூப்பிட மாட்டோம். இருக்கறதுக்குத் தலைகீழாத்தான் பேரு வைப்போம்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான்.”

மேசை மேல் அந்தக் கோப்பை இருந்தது. நானும் டெஸ்ஸும் அவசரமாகக் கூரையைப் பார்த்தோம். நாங்கள் எதைப் பார்க்காமல் இருக்கிறோம் என்று ஆங்கஸ் பார்த்துவிட்டான். அவன் காது மடல் சிவந்தது. வழக்கத்தை ஒப்புக்கொண்டால் டெஸ் பிழைப்பான். ஆனால் கோப்பை என்ன ஆவது? எழுத்து தெரியாதபடி அதை மெதுவாகத் திருப்பி வைத்தான்.

“அப்படி ஒரு வழக்கம் இங்க இருக்கறதா எனக்குத் தெரியல,” என்றான். “தகுதியப் பாத்துத்தான் பேரு வைக்கறாங்க.”

டெஸ் நினைத்திருந்தால் மேதைக்கு அர்த்தம் என்ன என்று அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். வெளியே வந்ததும் ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்று அவனைத் திட்டினேன். அந்தப் பையன் அதில் தினமும் டீ குடிக்கிறானே என்றான். இப்படி ஒருவனை என்ன செய்வது, எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கம்பெனி அவனை வெளியே தள்ளவில்லை. கருணை காட்டியது. அடிலெய்டில் அந்தக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து மற்ற ஓட்டுநர்கள் தூங்குகிறார்களா என்று பார்க்கிற வேலையைக் கொடுத்து, பதவி உயர்வு என்று சொல்லிக் கேக்கும் வெட்டினார்கள். க்வென் அந்தக் கேக்கைத் தொடவில்லை.

போன மாதம் யூக்லா ஊரைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொட்டாவி வந்தது. இருக்கை உலுக்கியது. கூப்பிட்டது டெஸ்.

“தூங்கறியாடா?”

“இல்லடா. கொட்டாவி.”

அத்தோடு வைத்துவிட வேண்டும் என்பது விதி. அவன் வைக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டான். மழை பெய்ததா, புதர் பச்சையாக இருக்கிறதா என்று கேட்டான். அதுதான் உன் முன்னால் திரை இருக்கிறதே, பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன்.

“ரோடு தெரியாதுடா இதுல. நாள் பூரா உங்க மூஞ்சியத்தான் பாக்கறேன்.” கொஞ்சம் தயங்கினான். “தலைய ஒரு பக்கமா சாய்க்கறியா? உனக்குப் பின்னால ஜன்னல் இருக்குல்ல.”

பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் சாய்த்தேன். நான் தூங்கி விழுந்துவிட்டதாக நினைத்து இருக்கை என்னைப் பிடித்து உலுக்கத் தொடங்கியது. அதை நிறுத்தும் பொத்தான் அவன் கையில்தான் இருந்தது. ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லையோ என்னவோ, அவன் நிறுத்தவில்லை, நானும் நிமிரவில்லை.